ஐம்பது விழுக்காட்டுக் கழிவு

கட்டியது நான்தான்.
முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ரெங்கம் அஞ்சலகம், மாதக் கடைசி,
ஒரே ஒரு மின்விசிறி.
எனக்கு முன்னால் நின்ற சீனப் பெண்ணிடம் ஐந்து சம்மன்.
என்னிடம் பதினாறு.
பிஸ்கெட் டின்னிலிருந்து எடுத்து
தேதிவாரியாக அடுக்கி
ரப்பர் வளையம் போட்டு வந்திருந்தேன்.

எல்லாவற்றிலும் ஒரே பெயர்:
குணாளன் ஏ/எல் அர்ச்சுனன்.
கீழே, அவர் செய்தது, மலாயில்.
சிவப்பு விளக்கு. இரட்டைக் கோடு. சிவப்பு விளக்கு.
வேகம். மறுபடி சிவப்பு விளக்கு.
இருபத்திரண்டு வருஷத்தில்
அவரைப் பற்றி இவ்வளவு விவரமாய்
யாரும் எனக்கு எழுதியதில்லை.
தேதி, மணி, நிமிடம், எந்தச் சந்தி.

நாலு மணிக்குக் கிளம்பினால் நாலு நடை,
நாலரைக்கென்றால் மூன்று.
ஆலை வாசலில் லோரிகள் வரிசை கட்டிவிடும்.
வெயில் ஏற ஏறக் குலையிலிருந்து பழம் உதிரும்,
தரம் குறைத்து எழுதுவான் கிராணி.
இந்த ஊரில் இருப்பதே ஒரு விளக்குச் சந்தி.
"அந்நேரத்துல யாரு இருக்கா?
நாய்கூடத் தூங்குது" என்பார்.

பதினான்காவது கடிதத்தில் படம் இருந்தது.
லோரியின் பின்புறம், நம்பர் தட்டு,
தார்ப்பாய்க்கு வெளியே துருத்தும் குலைகள்,
ஓரத்தில்
பாதி சைக்கிள்.
முன்சக்கரமும் ஒரு கையும் மட்டும்.
மீதி என்ன ஆனது என்று கேட்டேன்.
சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.
மறுநாள் காலை
சந்தைக்குப் போகிற சாக்கில் அந்தச் சந்தியில் இறங்கி
சாலையைப் பார்த்தேன். ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை என்பதற்காக அழுதேன்.

இரண்டாயிரத்து நானூறு வெள்ளி,
கூட்டுப் பணம்,
அடகில் கிடக்கும் சங்கிலிக்கு வைத்திருந்தது.
பதினாறு முறை சாப் குத்தினாள் அந்தப் பிள்ளை.
வெளியே வந்து ஓர் ஐஸ் கச்சாங் வாங்கி
தனியாகத் தின்று தீர்த்தேன்.
கடனில்லாத வீட்டுக்குப் போகிற நடை எனக்கு.

கட்டினால்தான் புள்ளி ஏறும் என்று
முகப்பில் எழுதி ஒட்டியிருக்கவில்லை.
ஒட்டியிருந்தது கழிவு மட்டும், சிவப்பில்.
டின்னில் கிடந்தவரை அவை காகிதம்.
சாப் விழுந்ததும்
நாலும் நாலும் மூன்றும் நாலுமாய்க் கூடிக்கொண்டன.
அடுத்து வந்த கடிதத்துக்குக்
கழிவு கிடையாது.

குளுவாங்கில் அட்டையைக் கொடுத்துவிட்டு வந்தார்.
தலை நிறைய முடியோடு சிரிக்கிற படம் அதில்.
தவுக்கே லோரிச் சாவியை வாங்கி
ஆணியில்கூட மாட்டவில்லை,
நேராக வேதமுத்து மகன் கையில் வைத்தார்.
வீட்டில் ஒரு சத்தம் இல்லை.
சோற்றைப் பிசைந்தபடி ஒன்றே சொன்னார்:
"பாதி விலைக்கு முழு லைசென்ஸ வித்துட்ட."
கத்தியிருக்கலாம்.
நானும், அந்தப் படத்தை முன்னால் போட்டு.

இப்போது என் மோட்டாரில் பின்னால் உட்காருகிறார்.
கையுறைத் தொழிற்சாலையில் எனக்குக் காலை ஷிப்டு,
அவருக்கு அங்கே பெட்டி அடுக்குகிற வேலை.
மழை பெய்து விட்டிருந்த ஒரு நாள்,
ஐந்து அடிக்கவில்லை இன்னும்,
சந்தியில் சிவப்பு.
நின்றேன்.
முன்னும் பின்னும் யாருமில்லை.
முதுகில் அவர் மூச்சு.
போ என்று சொல்வார் என்றுதான் நினைத்தேன்,
சொன்னால் என்ன சொல்வது என்றும் தயாராக வைத்திருந்தேன்.

பின்னாலிருந்து வெளிச்சம் வளர்ந்தது.
பழைய ஹாரன், எங்கள் வீட்டுக் குழந்தைகள்
தூக்கத்திலும் அடையாளம் சொல்லும் ஹாரன்.
எங்களை உரசுகிற மாதிரி ஒதுங்கி
சிவப்பைத் தாண்டிப் போனது அவருடைய லோரி.
குலுங்கியதில் உதிரிப் பழங்கள் தெறித்து
வெள்ளைக் கோட்டருகே உருண்டன.
சைக்கிளில் வந்திருந்தால் நாங்கள்
இரண்டு அங்குலம் தள்ளி நின்றிருந்தால்
என்று நான் எண்ணி முடிப்பதற்குள்

"நாலு" என்றார்.

பழத்தையா, புள்ளியையா,
நான் கேட்கவில்லை.
விளக்கு இன்னும் மாறவில்லை.